ஸ்கேன் படம் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது?

புதுச்சேரிக்காரர்களுக்கு யானைக்கால் நோய் புதிதல்ல. கொசு முதலான நோய்க்கடத்திகளை ஆராய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் வி.சி.ஆர்.சி. மையத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவை நிணநாளத்துக்குள் உயிரோடு காட்டக்கூடியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். திரையில் புழுக்கள் ஓயாமல் நெளியும். மருத்துவர்கள் அதை ‘ஃபைலேரியா நடனம்’ என்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகர ஆய்வாளர்கள் 1994-இல் இதை விவரித்தார்கள்.

பெண் புழுவின் தடிமன் கால் மில்லிமீட்டர்தான். அதைத் தேடும் கண்ணுக்குப் பெரிய இடைஞ்சல், படம் முழுக்க அப்பிக் கிடக்கும் புள்ளிகள். இவற்றுக்கு ஸ்பெக்கிள் என்று பெயர்.

உடலின் மேல் வைக்கும் கருவியான புரோபில் இருக்கும் படிகம் மின்துடிப்பை ஒலியாக்கி உள்ளே அனுப்புகிறது, எதிரொலியைத் திரும்ப மின்சாரமாக்குகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலியின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 7.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.2 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய எண்ணற்ற திசுத்துகள்களின் எதிரொலிகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் வெளிச்சப் புள்ளி, முகடும் பள்ளமும் சேர்ந்தால் இருட்டு. அந்த இடத்தில் புள்ளி வடிவில் எந்த உறுப்பும் கிடையாது.

மின்சுற்றின் இரைச்சலாக இருந்தால் நூறு படம் எடுத்துச் சராசரி போட்டாலே அடங்கிவிடும். ஸ்பெக்கிள் அப்படி அடங்காது. புரோபும் உடலும் அசையாதவரை, எத்தனை முறை எடுத்தாலும் அதே புள்ளிகள் அதே இடத்தில் வரும். ஆகவே ஒலிக்கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, வெவ்வேறு கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்க்கிறார்கள். ஒன்றையொன்று சாராத ஒன்பது படங்கள் சேர்ந்தால் ஸ்பெக்கிள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மென்பொருள் வடிகட்டிகளும் உண்டு. 2002-இல் யூ, ஆக்டன் இருவரும் வெளியிட்ட முறை, சீரான பகுதியை வழுவழுப்பாக்கிவிட்டு, உறுப்பின் விளிம்பு வந்ததும் கையை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இதற்கெல்லாம் விலை உண்டு. பல படங்களைச் சேர்க்க நேரம் பிடிக்கும். அதற்குள் புழு நகர்ந்துவிட, நெளிவு மங்கிக் கரைந்துபோகும். பித்தப்பைக் கல்லைக் காட்டிக்கொடுப்பதே அதன் பின்னால் விழும் நிழல்தான். கோணம் மாற்றி மாற்றி எடுத்தால் அந்த நிழலும் வெளிறும். இதய மருத்துவத்திலோ ஸ்பெக்கிளே உதவிக்கு வருகிறது. புள்ளிகள் நகர்வதைப் பின்தொடர்ந்து இதயச்சுவர் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கிறார்கள்.

பொறியியல் மாணவர்கள் பலர் ப்ராஜெக்டுக்காக ஸ்பெக்கிள் வடிகட்டி எழுதுகிறார்கள். படம் எவ்வளவு வழுவழுப்பானது என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, கல்லின் நிழலும் புழுவின் நெளிவும் தப்பித்தனவா என்று கேளுங்கள்.