காற்றில் ஒரு தையல்!

கள்ளக்குறிச்சியில் என் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் மரச் சிற்பப் பட்டறைக்கு ஒரு நடை போய் வருவது என் வழக்கம். பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிக்கொண்டு விடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை. தரை முழுவதும் மரச் சீவல். வாகை, பூவரசு, தேக்கு என்று மரத்துக்கு மரம் மாறும் வாசனை. நடுவிலே, தும்பிக்கை வரையில் வந்துவிட்டு மீதிக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளையார். கொட்டாப்புளியால் உளியைத் தட்டிக்கொண்டே பேசுவார் சிற்பி. அவர் மனைவி உப்புக் காகிதத்தால் தேய்த்துக்கொண்டே குறுக்கே பேசுவார். வேலையில் பாதி அந்த அம்மாளுடையது. பெயர்ப் பலகையில் மட்டும் அவர் பெயர் கிடையாது!

சென்ற வருஷம் நான் இத்தாலிக்குப் புறப்படுமுன் அங்கே போயிருந்தேன். வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உப்பங்கழிக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன, ஒன்றில் கண்ணாடி ஊதுகிறார்கள், இன்னொன்றில் லேஸ் பின்னுகிறார்கள், அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு வேறு வேறு வர்ணம் என்று படித்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். சிற்பி, "அப்படியா!" என்றார். அந்த அம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வர்ணமெல்லாம் இருக்கட்டும்மா. அந்த வேலை செய்யறவங்களுக்குக் கூலி என்ன, பொண்ணுங்களுக்குக் கத்துக்குடுக்கறாங்களா, இது ரெண்டை மட்டும் விசாரிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

பத்திரிகை ஆபீஸில்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் வேலை கொடுத்ததில்லை.

ஊதினால் பூனை

வெனிஸின் வடக்குக் கரையில் படகு ஏற வேண்டும். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அவர்களுக்கு அப்படிப் படகு. டிக்கெட் உண்டு, நிறுத்தம் உண்டு, காய்கறிப் பையுடன் இடித்துக்கொண்டு ஏறும் பாட்டிமார் உண்டு. உப்பங்கழி நம் பழவேற்காட்டு ஏரியைப் போலத்தான். ஆழமில்லாத உப்புத் தண்ணீர், சேற்றுத் திட்டு, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. படகுக்கு வழி காட்ட மரக் கம்பங்களைச் சேர்த்துக் கட்டி நட்டிருக்கிறார்கள். வெனிஸ் நகரமே சேற்றில் அடித்த மரக் கட்டைகளின் மேல்தான் நிற்கிறதாம். கள்ளக்குறிச்சிச் சிற்பியிடம் சொல்ல ஒரு சேதி ஆயிற்று.

பத்தே நிமிஷத்தில் முரானோ வந்துவிடுகிறது. இதுதான் கண்ணாடித் தீவு. அந்தக் காலத்து வெனிஸில் வீடுகள் பெரும்பாலும் மரம். கண்ணாடி உலை ஒன்று தவறினால் தெருவே சாம்பல். ஆகவே 1291-இல் வெனிஸ் ஆட்சியாளர்கள் எல்லா உலைகளையும் இந்தத் தீவுக்குக் கடத்திவிட்டார்கள். நெருப்புக்குப் பயந்து செய்த காரியம் தொழில் ரகசியத்தைக் காப்பாற்றவும் உதவிற்று. கண்ணாடிக் கலைஞர் வெளிநாடு போகக் கூடாது என்று தடை. அதற்கு ஈடாக ஒரு மரியாதையும் உண்டு: கண்ணாடிக்காரர் மகளைப் பிரபு குடும்பத்தில் கட்டிக்கொடுக்கலாம், பிறக்கும் குழந்தைகளுக்குப் பிரபுப் பட்டம் குறையாது. தங்கக் கூண்டு என்று சொல்வார்களே, இது கண்ணாடிக் கூண்டு! ஆனாலும் 1660-களில் பிரெஞ்சு மந்திரி கால்பேர் ஆசை காட்டிச் சில கண்ணாடிக்காரர்களைப் பாரிஸுக்கு இழுத்துவிட்டார். வெர்ஸேல்ஸ் அரண்மனையில் பிற்பாடு அமைத்த கண்ணாடி மண்டபத்துக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஓர் உலைக்குள் போய்ப் பார்த்தேன். நீண்ட இரும்புக் குழலின் நுனியில் தேன் போல் குழைந்த கண்ணாடி உருண்டையை எடுத்து, ஊதி, சுழற்றி, இடுக்கியால் இரண்டு கிள்ளு கிள்ளினார் ஒரு பெரியவர். ஒரு நிமிஷத்தில் பூனை! கூட்டம் கை தட்டியது. சுற்றுலாப் பயணிகளுக்காகத் தினமும் எத்தனை பூனை ஊதுவாரோ, பாவம்.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மரியெட்டா பரோவியர் என்ற பெண்மணி 1487-இலேயே தமக்கென்று சொந்தமாக ஒரு சின்ன உலை வைத்துக்கொள்ள அரசாங்க அனுமதி பெற்றிருக்கிறார். நட்சத்திரப் பூப்போட்ட 'ரொஸெட்டா' மணியைக் கண்டுபிடித்தவர் அவரே என்கிறார்கள். மற்றப் பெண்களின் கதை அவ்வளவு ஜொலிப்பில்லை. வெனிஸ் சந்துகளில் வாசலில் உட்கார்ந்து, மடியில் மரத் தட்டு வைத்து, கண்ணாடி மணிகளை நூலில் கோத்துக் காலம் தள்ளியவர்கள் அவர்கள். கூலி போதவில்லை என்று 1904-இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். கள்ளக்குறிச்சி அம்மாளின் முதல் கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது.

கூலியோடு இப்போது எரிவாயுச் செலவும் சேர்ந்திருக்கிறது. கண்ணாடி உலையை நினைத்தால் ஏற்றி நினைத்தால் அணைக்க முடியாது; இரவும் பகலும் எரிய வேண்டும். 2021, 2022-இல் எரிவாயு விலை பல மடங்கு ஏறியபோது சில உலைகளை அணைத்தே வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, வேறெங்கோ செய்த மலிவுக் கண்ணாடி 'முரானோ' என்ற பெயரில் விற்கிறது. அசலுக்கு அடையாளமாக 1994-இல் தனி முத்திரை ஏற்படுத்தியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்: கைவினைப் பொருள்களுக்கு ஐரோப்பிய யூனியன் முழுவதற்குமான புவிசார் குறியீட்டுச் சட்டம் 2023-இல்தான் நிறைவேறிற்று. நம் நாட்டில் அதற்கான சட்டம் 1999-இலேயே வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் அந்தக் குறியீடு கிடைத்தும் விட்டது!

நவராத்திரிக் கொலுவா, ஊரா?

முரானோவிலிருந்து படகில் இன்னும் அரை மணிக்கு மேல் போனால் புரானோ. முதலில் தெரிவது மாதா கோயில் மணிக் கூண்டு. அது குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அடுத்தாற்போல் வீடுகள். பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ, குங்குமச் சிவப்பு, மயில் கழுத்து நீலம்! எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு வீடுகள். வாசலில் கோடு போட்ட துணித் திரை. எதிரே வாய்க்கால், வாய்க்காலில் தோணி. யாரோ கொலுப் படியில் பொம்மைகளை அடுக்கிவிட்டுப் போனாற்போல் இருந்தது. துவைத்த துணியைக் கொடியில் போட்டிருப்பதுகூட அங்கே அழகாய்த் தெரிகிறது. நம் வீட்டுக் கொடியை ஏன் யாரும் படம் எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டேன்.

ஏன் இத்தனை வர்ணம்? பனி மூட்டத்தில் மீன் பிடித்துத் திரும்புகிறவன் தன் வீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளத்தான் என்கிறார்கள். கதையோ நிஜமோ, மார்கழி விடியற்காலையில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போனவர்கள் இதை நம்புவார்கள். பத்தடி தள்ளி நிற்கிற பஸ் தெரியாத பனி அது. இப்போது புரானோவில் இஷ்டப்படி வர்ணம் அடித்துவிட முடியாது. அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டு, அந்த வீட்டுக்கு இன்னின்ன வர்ணம்தான் என்று பதில் வந்த பிறகுதான் தூரிகையைத் தொடலாம்.

லேஸுக்கும் ஒரு கதை உண்டு. கல்யாணம் நிச்சயமான மீனவன் ஒருவனைக் கடல் கன்னிகள் பாடி மயக்கப் பார்த்தார்களாம். அவன் மசியவில்லை. அவன் மன உறுதியை மெச்சி, கடல் கன்னிகளின் ராணி வாலால் படகை அடிக்க, எழும்பிய நுரை மணப்பெண்ணுக்கு முக்காடாயிற்றாம். அதைப் பார்த்த ஊர்ப் பெண்கள் ஊசியும் நூலும் எடுத்தார்கள்!

நிஜக் கதை இதைவிட நன்றாயிருக்கிறது. லேஸ் பின்னல் இங்கே பதினாறாம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்த தொழில். துணியே இல்லாமல் வெறும் நூலில் தைப்பதால் 'காற்றில் தையல்' என்று பெயர். 1797-இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்த பிறகு, வாங்குகிற பிரபுக்கள் நொடித்துப்போகத் தொழிலும் நசித்தது. 1872-இல் கடுங்குளிர், உப்பங்கழி உறைந்துவிட்டது. மீன் இல்லை, அடுப்பு எரியவில்லை. பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு ஒரு வழி செய்ய வேண்டுமென்று சில பெரிய மனிதர்கள் யோசித்தபோது பழைய லேஸ் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தத் தையலின் நுணுக்கம் தெரிந்தவள் தீவில் ஒரே ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள்: சென்ச்சா ஸ்கார்பாரியோலா என்ற எழுபது வயதுக் கிழவி!

கிழவிக்குச் செய்யத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. (நம் பாட்டிகளிடம் ரசத்துக்கு அளவு கேட்டுப் பாருங்கள்.) அன்னா பெல்லோரியோ என்ற பள்ளி ஆசிரியை பக்கத்திலேயே உட்கார்ந்து, கிழவியின் விரல்களைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டு, எட்டுப் பெண்களுக்குக் கற்பித்தாள். அப்படிப் பிறந்தது லேஸ் பள்ளி. சில வருஷங்களில் முந்நூறு பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள்.

நாகர்கோவில் லேஸ் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதாயிராது. 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைத் தளையிலிருந்து தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. நூலால் இவ்வளவு முடிந்திருக்கிறது!

கணக்குப் பார்த்தால்

புரானோவின் பழைய பள்ளிக் கட்டடம் இப்போது லேஸ் அருங்காட்சியகம். பள்ளியை 1970-இல் மூடிவிட்டார்கள். நான் போன பகல் வேளையில் ஒரு மூதாட்டி ஜன்னலோரம் திண்டை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் கோலம், அதைத் துணியோடு சேர்த்துத் தைத்து, கோலத்தின் கோட்டின் மேல் நூலைப் பதித்து, அந்த நூலைப் பற்றிக்கொண்டு ஊசியால் நிரப்புகிறார்கள். முடிவில் அடித் தையலை வெட்டினால் காகிதமும் துணியும் தனியே வந்துவிடும். லேஸ் மட்டும் கையில் நிற்கும். முன்னெல்லாம் ஒரே லேஸில் ஏழு பெண்கள் கை வைப்பார்களாம். ஒவ்வொருத்தியும் ஒரு தையலில் தேர்ந்தவள்.

இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் சுமந்து வந்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன்.

கூலி என்றதும் மூதாட்டி சிரித்துவிட்டார். "மணிக்கணக்குப் பார்த்தால் ஊசியைக் கையில் எடுக்கவே முடியாது" என்றார்.

"உங்கள் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா?"

"ஆறு வயதில் ஆரம்பித்தேன். பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டாள். கரையில் வேலைக்குப் போகிறாள். நானும் தடுக்கவில்லை. என் கண்ணைப் பாருங்கள்" என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார்.

வெளியே கடை கடையாய் லேஸ் தொங்குகிறது. மேஜை விரிப்பு, குடை, குழந்தைச் சட்டை. பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது, அல்லது கீழ்நாடுகளிலிருந்து வந்தது. பார்க்க வருகிறவர்களோ வீட்டு வர்ணத்தைப் படம் எடுக்கிறார்கள், வளையம் போன்ற வெண்ணெய் பிஸ்கோத்து வாங்குகிறார்கள், அடுத்த படகில் போய்விடுகிறார்கள். லேஸ் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இன்று ஊருக்குச் சோறு போடுவது வர்ணம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை.

நானும் கை லேஸ் ஒன்று வாங்கினேன். வெற்றிலை அளவு. விலையைச் சொல்ல மாட்டேன்; என் வீட்டிலும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் அதைக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "முடிச்சே தெரியலையே" என்றார். எத்தனை நாள் வேலை என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். சிற்பி உளியைக் கீழே வைத்து, நான் கொடுத்த விலையை மூன்றால் வகுத்து, கடைக்காரர் லாபத்தைக் கழித்து, மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"நம்ம கதைதான்" என்றார்.

"பொண்ணுங்க கத்துக்கறாங்களா?" என்றார் அம்மாள். நடந்ததைச் சொன்னேன். உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளை அவர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு லேஸைப் பிள்ளையார் பீடத்தின் மேல் வைத்து, "இந்தக் கொடியை அப்படியே பீடத்துக் கரையிலே போட்டா எப்படியிருக்கும்?" என்று கணவரைக் கேட்டார்.

"நூலும் மரமும் ஒண்ணா? இவ்வளவு சந்து விட்டா உடைஞ்சு போகும்" என்றார் அவர்.

"வாகையிலே நிக்காது. தேக்கிலே நிக்கும்."

"தேக்கு விலை தெரியுமா உனக்கு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது விவாதம் தீர்ந்தபாடில்லை. லேஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.