மாவின் பக்குவத்தை மாவே உரைக்கும்

புளிப்பு ரொட்டிக்குப் பெயர்பெற்றது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம். ஏற்கனவே புளித்த மாவில் சிறிது எடுத்துப் புது மாவுடன் பிசைந்து அங்கே ரொட்டி சுடுகின்றனர். அந்த மாவைக் கிளைன், சுகிஹாரா என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1971-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூடி வாழ்கின்றன. ஈஸ்ட் வாயுவை உண்டாக்கி மாவை உப்பச் செய்கிறது. பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பூட்டுகிறது. மால்டோஸ் என்னும் சர்க்கரையை பாக்டீரியா உண்ணும். ஈஸ்ட் அதைத் தீண்டாது. ஆகவே இரண்டிற்கும் உணவில் போட்டியில்லை.

இவ்விரண்டின் வேகமும் வெப்பத்தைப் பொறுத்தது. வெயில் நாளில் மாவு விரைந்து பொங்கும். குளிர் நாளில் தாமதிக்கும். எனவே வீட்டில் இவ்வாறு ரொட்டி சுடுவோர் கடிகாரத்தை மட்டும் நம்புதல் கூடாது. பொழுது போதாவிடில் ரொட்டி கனத்து இறுகும். மிஞ்சினால் மாவின் பிடிப்புத் தளர்ந்து ரொட்டி தட்டையாகும்.

பக்குவத்தை அறிவது எங்ஙனம்? மாவு முதலில் பொங்கியதும் உருட்டி வடிவமைத்து, மீண்டும் பொங்க விடுங்கள். பிறகு, உலர்மாவு தொட்ட விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி உடனே மறைந்தால் காத்திருங்கள். மெதுவாக, பாதியளவே மேலெழுந்தால் ஓவனில் வையுங்கள். சற்றும் எழாவிடில் பக்குவம் கடந்துவிட்டது. அப்போதும் எறிந்துவிடாமல், தட்டிக் கல்லில் சுட்டு உண்ணுங்கள். உணவு வீணாகலாகாது அல்லவா?