ஒற்றைக் குரலில் ஒரு பஸ்

வட்டகொடைப் புகையிரத நிலையத்தைக் கடந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். லயத்துக்கு மின்சாரம் வராத அந்நாளில், பற்றரி வானொலி இருந்த காம்பராவே எங்களுக்கு நாடக அரங்கு. சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடர் நாடகத்தை அங்கே தான் கேட்டேன். அதில் ஒலித்த குரல்களுள் ஒன்று கே. எஸ். பாலச்சந்திரனுடையது. முகம் தெரியாது, ஆயினும் அம்மனிதரை எங்கோ கண்டிருப்பதாகவே தோன்றும்.

1944இல் வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்தவர் அவர். மேடையிலும் வானொலியிலும் வளர்ந்து, செங்கை ஆழியான் நாவலைப் படமாக்கிய ‘வாடைக்காற்று’ (1978) முதலிய திரைப்படங்களில் நடித்து, பின்னர் தொலைக்காட்சியிலும் தோன்றினார். பிற்காலத்தில் கனடாவில் வாழ்ந்தபோது ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்னும் நாவலையும் எழுதினார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பே. (‘றைற்’ என்று றகரமிட்டு எழுதுவது யாழ்ப்பாண வழக்கு, மாணவர் அதை அச்சுப்பிழையென்று கருதிவிட வேண்டாம்.)

யாழ்ப்பாணத்துப் பஸ் ஒன்று, அதன் நடத்துநர், ஏறுவோர், இறங்குவோர். அத்தனையும் ஒரே தொண்டைக்குள். மேடையில் கையும் கண்ணும் துணை நிற்கும். ஒலிநாடாவிலோ குரலைத் தவிர வேறு துணையில்லை. ஆயினும் பஸ்ஸில் நெரிசல் இருப்பது கேட்பவனுக்குத் தெரிகிறது. ஒரு சொல்லை இழுப்பதிலும் மற்றொன்றை விழுங்குவதிலும் வயதையும் ஊரையும் காட்டிவிடுகிறார். பலகுரல் வித்தை வேறு, இது வேறு என்பேன். வித்தைக்காரன் பிறரைப் போல ஒலிக்கிறான். இவர் அவர்களாகவே பேசினார்.

ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற காலத்தில் விடுதியில் அந்த ஒலிநாடாவை முதன்முதல் கேட்டேன். அதுவரை நான் அங்கே அதிகம் பேசியதில்லை. ‘அவுங்க வந்தாங்க’ என்று வாய் திறந்தால் சிலர் சிரிப்பார்கள்; தோட்டத் தமிழாம். அன்றிரவு அதே நண்பர்கள் தங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சிரிப்பில் இழிவு இல்லை, உரிமை இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த கலைவிழாவில் கொழுந்து நிறுக்கும் இடத்தைத் தனிநடிப்பாகச் செய்தேன். ஈரத்துக்கென்று கிலோவைக் கழிக்கும் கணக்கப்பிள்ளை, இடையில் நுழையும் கங்காணி, விட்டுக்கொடுக்காத என் அப்பாயி. குரல் பாதியில் கட்டிக்கொண்டது, நடிப்பென்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் கரவெட்டி நண்பன் இரவு கட்டிலருகே வந்து, “பெரட்டுக்களம் எண்டு சொன்னியே, அது என்னடா?” என்றான். விளக்கணைத்த பின்னும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2014 பெப்ரவரியில் பாலச்சந்திரன் கனடாவில் மறைந்தார். செய்தி கேட்ட வாரம் அவ்வொலிப்பதிவை வகுப்பில் கேட்கச் செய்தேன். சொற்கள் பல விளங்கவில்லை; சிரிப்புக்குக் குறைவில்லை. முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், அந்த பஸ்ல நம்ம ஆளுங்க யாரும் ஏறலியா?”

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுவாரம் அவளே தலவாக்கலை பஸ்ஸை வகுப்புக்குள் ஓட்டி வந்தாள். நடத்துநர் ‘ஹரி, யமு’ என்று சிங்களத்தில் விரட்டுகிறார். கூடையோடு ஏறிய கிழவி, மிச்சக் காசு கைக்கு வராமல் இறங்கமாட்டேன் என்று எங்கள் தமிழில் நிற்கிறாள்.