ஒரே கார்ட், இரண்டு வட்டிக் கணக்கு! தெரியுமா?

செட்டியார் தெருவில் கடனட்டையை நீட்டி ஒரு மோதிரம் வாங்குகிறீர்கள். வெளியே வந்து, அதே அட்டையை ஏ.ரி.எம்.மில் போட்டு, அதே தொகையைக் காசாக எடுக்கிறீர்கள். எதற்கு எப்போது வட்டி தொடங்கும் தெரியுமா? பழைய பாக்கி இல்லாமல், கடைசித் திகதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் மோதிரத்துக்கு ஒரு சதமும் வட்டி இல்லை! காசுக்கோ தாள் வெளியே வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்! எடுத்ததற்கான கட்டணம் வேறு!

எது நகை, எது காசு என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? அட்டை போடும் ஒவ்வோர் இடத்துக்கும் நாலு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. நகைக்கடைக்கு 5944. சுப்பர்மார்க்கெட்டுக்கு 5411. ஏ.ரி.எம்.முக்கு 6011! வெள்ளவத்தை காலி வீதியில் எடுத்தாலும் லண்டனில் எடுத்தாலும் அதே 6011தான். இயந்திரம் வேண்டாம், வங்கிக்குள் போய்க் கவுண்டரில் வாங்குவோம் என்றால்? அங்கே 6010 இருக்கிறது!

இனிக் கேளுங்கள், இதுதான் பெரிய ஆச்சரியம். 2023 ஆகஸ்ட்டில் இலங்கை மத்திய வங்கி, வங்கி வட்டிகளுக்கு உச்சவரம்பு போட்டது. கடனட்டைக்கு ஆண்டுக்கு 28 வீதம். நகை அடகுக்கு? 18 வீதம்தான்! அந்த வீதங்களில் ஐம்பதாயிரம் ரூபாவுக்கு 30 நாள் கணக்குப் பார்த்தால், காப்பை அடகு வைத்தவருக்கு வட்டி ஏறக்குறைய 740 ரூபா. கார்டில் எடுத்தவருக்கு 1,150 ரூபா, கட்டணம் சேர்க்காமலே! கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அடகு வைக்கப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவர்கள் எத்தனை பேர்! கார்ட் போட்டால் கௌரவமாக இருக்கிறது. அம்மாமார் காப்பைக் கழற்றிக்கொண்டு போனது கெட்டித்தனமான கணக்கு என்றே நான் சொல்வேன்.

கடன் வரம்பு இரண்டு லட்சம் என்றால் இரண்டு லட்சமும் காசாக வரும் என்று நம்பியிருக்காதீர்கள். பெரும்பாலான வங்கிகளில் காசுக்கென்று அதைவிடச் சிறிய வரம்பு ஒன்று உள்ளே இருக்கும். அவசரத்துக்கு ஓடுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு தரும் இந்த ஏ.ரி.எம். இயந்திரத்தின் கதை தெரியுமா? 1967 ஜூன் 27ஆம் திகதி லண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த முதல் இயந்திரத்தை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட்-பாரன் பிறந்தது எங்கே? நம் பக்கத்து இந்தியாவின் ஷில்லாங்கில்! அன்று அந்த இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை கிடையாது. கார்பன்-14 தடவிய காகிதச் சீட்டைத்தான் உள்ளே விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பவுண். ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்கத்தான் அவர் நினைத்தாராம். நாலுக்கு மேல் நினைவில் நிற்காது என்று மனைவி கரோலைன் சொல்லிவிட்டார். இன்று நாம் அழுத்தும் நாலு இலக்கம் அப்படி வந்தது என்பது அவரே சொன்ன கதை!

சரி, ஆஸ்பத்திரிச் செலவு, வேறு வழியே இல்லை, கார்டில் காசு எடுத்தாகிவிட்டது. இப்போது என்ன செய்வது? இந்த வட்டி நாள் கணக்கில் ஏறுவது. அந்த 28 வீதத்தில் ஐம்பதாயிரத்துக்கு ஒரு நாளைக்கு 38 ரூபா. கடனட்டைக் கூற்று வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். மூன்றாம் நாளே கையில் காசு வந்தால் மூன்றாம் நாளே வங்கிக்குப் போய்க் கட்டுங்கள். கட்டும்போது, அது காசெடுத்த கணக்கில் கழிபடுமா, பொருள் வாங்கிய கணக்கில் கழிபடுமா என்று மறக்காமல் கேளுங்கள்!