காம்பராவின் இருட்டைக் கட்டுவது எப்படி?

2014 ஒக்டோபர் 29 காலை இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அந்த லயன்களின் ஒற்றை அறைகளான காம்பராக்களில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது, சாமிப்படம் எந்தச் சுவரில் தொங்கியது என்று இனி யாரும் அளந்து பார்க்க முடியாது. மற்றத் தோட்டங்களில் இந்திய உதவியோடு தனி வீடுகள் எழும்புகின்றன. எழும்பட்டும், எப்போதோ வந்திருக்க வேண்டிய வீடுகள் அவை. ஆனால் லயத்தை இடிப்பதற்கு முன் அளவுநாடாவும் கைபேசியும் உள்ளே போய்வர வேண்டும்.

கம்பளைப் பக்கம் நியூ பீக்கொக் தோட்டத்தில் பழைய லயன் ஒன்றே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. அதே வேலையைக் கணினிக்குள்ளும் செய்யலாம். அன்ரியல், கொடோ போன்ற கேம் என்ஜின்கள் ஒரு வினாடிக்கு முப்பது, அறுபது தடவை காட்சியைப் புதிதாக வரைகின்றன. அதனால் பார்ப்பவர் உள்ளே நடக்கலாம், கதவைத் திறக்கலாம், விடியலை மதியமாக்கலாம். கொடோவுக்குக் காசும் கிடையாது.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றை, 1930 அளவில் இருந்தபடி கட்டப் புறப்படும் இளைஞருக்கு என் முதல் வேண்டுகோள், துரை பங்களாவில் தொடங்க வேண்டாம் என்பதே. பங்களாவுக்கும் ஸ்டோர் என்ற தேயிலை ஆலைக்கும், வரிசையாக நிறுத்திப் படமெடுத்த கொழுந்துக்காரப் பெண்களுக்கும் பழைய புகைப்படங்கள் தாராளம். காம்பராவின் உள்ளே எடுத்த படம்தான் அரிது. கடினமான வேலை அங்கேதான், ஆகவே அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை. அன்ரியலில் ஓர் அலகு ஒரு சென்றிமீற்றர். எனவே 305க்கு 366. அளவு சரியாக இருந்தும் அறை பெரிதாகத் தெரியும், ஏனென்றால் என்ஜினின் கமரா பொதுவாக அகலக் கோணத்தில் நிற்கும். அதைக் குறுக்க வேண்டும். அடுத்தது வெளிச்சம். சுவருக்கு வெள்ளைச் சாந்து பூசினால், வாசலில் நுழையும் ஒளி சுவருக்குச் சுவர் தெறித்து அறையே பளிச்சென்று ஆகிவிடும். பல வருஷம் விறகு எரிந்த காம்பராவில் சுவரும் தகரமும் கரி. கரி ஒளியை விழுங்கும். மேற்பரப்பின் நிறத்தைக் கிட்டத்தட்டக் கறுப்புக்கு இறக்கி, புகையை ஆள் உயரத்துக்கு மேலே தேங்கவிட்டால்தான் அந்த வீட்டில் சமைத்தவளின் கண் ஏன் எப்போதும் சிவந்திருந்தது என்று விளங்கும். இந்த இருட்டைப் படம் எடுப்பதற்காகக் குறைத்துவிடக் கூடாது. அதில் எனக்குச் சமரசமே இல்லை.

தேயிலையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு செடியைச் செய்து அதையே ஆயிரக்கணக்கில் நகலெடுத்து மலையை நிரப்புவது இத்துறையின் வழக்கம். இன்றைய வி.பி. தேயிலை மலைக்கு அது பொருந்தும். அது ஒரு தாய்ச்செடியின் தண்டிலிருந்து வந்த கூட்டம்தானே. ஆனால் 1930இல் நின்றது விதைத் தேயிலை. இலையின் அளவும் பச்சையும் செடிக்குச் செடி வேறு. குறைந்தது பத்துப் பன்னிரண்டு செடிகளாவது தனித்தனியாகச் செய்து கலக்க வேண்டும்.

சத்தத்துக்கும் வருஷம் உண்டு. ரயில் பண்டாரவளைக்கு 1894இல் வந்தது, பதுளைக்கு 1924இல்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள தெமோதரைப் பக்கத்துக் காட்சியை 1910இல் வைத்தால் அங்கே கூவென்ற சத்தமே இருக்கக் கூடாது. ஜூலை, ஓகஸ்ட் என்றால் வறண்ட கச்சான் காற்று தகரத்தை உலுக்க வேண்டும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த காற்று அது.

கட்டி முடித்ததும் மடிக்கணினியை ஒரு லயத்து இஸ்தோப்பில் வைத்து, “அம்மாயி, அடுப்பு இந்தப் பக்கமா?” என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அவர் கண்முன்னே தள்ளி வைக்கலாம். சினிமாவுக்கான கணினி வரைகலையில் அந்த ஒரு மாற்றத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இங்கே உடனே தெரியும். தண்ணீர்ப் பீலி எங்கே, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு எந்தப் பாதை, கங்காணி எங்கே நின்று பேர் கூப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். விடியலில் அந்தப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அடித்த தப்பின் தாளம் மட்டும் வாயால் சொன்னால் போதாது. அடிக்கத் தெரிந்த பெரியவரையே உட்காரவைத்து, இந்த வருஷமே பதிவு செய்துகொள்ள வேண்டும்.