கரை சேரும் வழி – 14: விழுப்புரம் என்னும் வாசல்

சென்ற வாரம் குடியேற்றச் சோதனையைக் கடந்த பிரயாணியை, பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் அருகே நிறுத்திவிட்டு வந்தோம். தொடரை விடாது வாசிப்பவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை. அவரை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வில்லியனூருக்கும் பாகூருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அப்போது வாக்களித்திருந்தேன்.

பாரிஸ் புறநகர்களிலிருந்து விடுமுறைக்கு வருகிற நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்களில் அநேகர், புதுச்சேரி நகரத்தை மனத்தில் வைத்தே வாகனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும், அதனாலேயே அவர்களுடைய பிரயாணத்தின் கடைசிப் பகுதி வீணாக நீண்டுவிடுகிறது என்பதையும் முதல் வாரத்திலிருந்தே வற்புறுத்தி வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரத்தையும் மரக்காணத்தையும் தொட்டு வருகிற ரம்மியமான சாலை என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அது பிரயாணியைக் காலாப்பட்டு வழியாக நகரின் வடக்கில் கொண்டுவந்து விடுகிறது. ஒதியம்பட்டுக்கோ கூடப்பாக்கத்துக்கோ சுல்தான்பேட்டைக்கோ போக வேண்டியவர், அங்கிருந்து நகரத்து நெரிசல் முழுவதையும் ஊடுருவி, இந்திரா காந்தி சதுக்கம், ரெட்டியார்பாளையம், அரும்பார்த்தபுரம் என்று மேற்கே வந்தாக வேண்டும். வில்லியனூருக்கு இயற்கையான வாசல் விழுப்புரமே.

இந்த வாசல் திறந்து வெகுகாலம் ஆகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை, வில்லியனூர் வழியாக, 1879-இல் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1877-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த லூர்து அன்னையின் திருச்சொரூபம், ரயில் இல்லாமையால், புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து தரை மார்க்கமாகவே வில்லியனூர் ஆலயத்தை அடைந்தது. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்குகளும் சலங்குகளில் அலைகளைத் தாண்டிக் கரைசேர்ந்த காலம் அது.

இந்த வாரம் எனக்குப் பேரானந்தம் அளித்த செய்தி 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். பிற்காலத்தில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என்று உலகம் அறிந்த மீரா அல்ஃபாஸா, தம் கணவர் போல் ரிஷாருடன், அவ்வாண்டு மார்ச் 7-ஆம் தேதி ‘காகா மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலில் பிரான்ஸிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ மூன்று வாரக் கடல் யாத்திரைக்குப் பின் கொழும்பில் வந்து இறங்கினார். கொழும்பிலிருந்து புதுச்சேரிக்கு அக்காலத்தில் கடல் வழியும் உண்டு. நீண்ட யாத்திரையால் களைத்தவர்கள் மறுபடியும் ஒரு கப்பலைத் தேடியிருக்கலாம். அவர்களோ ரயிலேறித் தலைமன்னாருக்கு வந்து, அங்கே சிறு கப்பலில் கடலைக் கடந்து, தனுஷ்கோடியில் போட் மெயிலைப் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறி, மார்ச் 29-ஆம் தேதி புதுச்சேரியை அடைந்து, அன்று பிற்பகலிலேயே ஸ்ரீ அரவிந்தரைத் தரிசித்தார்கள். இதில் என்னை வியக்கவைத்த விஷயம் யாதெனில், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது அதே ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி. ஆகவே இந்தத் தொடர்வழி பிறந்து ஒரு மாதமும் சில நாள்களுமே ஆகியிருந்தன. புதுச்சேரியின் சரித்திரத்தையே மாற்றிய ஒரு வருகை, தென்னாட்டின் மிகப் புதிய வழியால் நிகழ்ந்திருக்கிறது. வில்லியனூரின் ஏரிகளையும் வயல்களையும் ஊடறுத்து ஓடும் அதே பாதையில், சென்னையின் பக்கமே போகாமல் நிகழ்ந்திருக்கிறது! 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அந்த வழி அற்றுப்போயிற்று. விழுப்புரத்தில் வண்டி மாறும் வழக்கம் மட்டும் அழியவில்லை.

இனி இன்றைய பிரயாணிக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் விமானம் மாறி வருபவர்கள் பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியலுக்குச் சற்று முன்போ சென்னையில் இறங்குகிறார்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு ஒரு மணி என்றால் பாரிஸில் முந்தைய மாலை எட்டரைதான். ஆதலால் வந்தவர்கள் ஆயாசப்பட்டிருந்தாலும் விழிப்புடன் பேசிக்கொண்டே வருவார்கள். கண் அயர்ந்துபோவது வேறொருவருக்கு. ஊரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு முன்மாலையிலேயே கிளம்பி, வாகன நிறுத்தத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, இரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள், உறக்கம் உடம்பை அதிகம் அழுத்தும் நாழிகைகளில், ஜி.எஸ்.டி. சாலையில் திரும்ப ஓட்டுகிற அந்தத் தம்பியை எண்ணி நான் மிகவும் கவலைப்படுகிறேன். கார்தான் வேண்டும் என்பவர்கள், வண்டி ஓட்டுபவர் சில மணி நேரமாவது படுத்து உறங்கினாரா என்று கேட்டறிந்த பிறகே அதில் ஏற வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே விடியும்வரை தங்குவது உத்தமம்.

தனியாக, இரண்டு பெட்டிகளுக்கு மிகாமல் வருபவர்களுக்குப் பேருந்தே போதும். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையம் தெற்கே இருப்பதால், கோயம்பேட்டுக்கு வடக்கே போய்த் திரும்பும் பழைய சிரமம் தீர்ந்தது. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் நுழையும் வண்டியா, புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகும் வண்டியா என்பதை நடத்துனரிடம் முன்கூட்டியே கேட்பது அவசியம். அங்கிருந்து வளவனூர், திருபுவனை, கண்டமங்கலம், அரியூர் என்று, இரு ஆட்சிகளின் எல்லைகள் மாறிமாறி வரும் வழியில் வந்தால் வில்லியனூர். 2025 ஏப்ரலில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 29 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை இந்தப் பக்கத்து மக்களுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். ரயிலை விரும்புபவர்கள், விமான நிலையத்துக்கு எதிரிலுள்ள திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், புதுச்சேரி செல்லும் பாசஞ்சர் வண்டியைப் பிடிக்கலாம்; அது வில்லியனூரிலேயே இறக்கிவிடும்.

பகலில் வருபவர்கள் வில்லியனூருக்கு அருகிலுள்ள கீழூரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நலம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்த இடம் அது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வி நம் குடும்பங்களுக்குள் வந்ததே அந்த இணைப்பின் விளைவுதான். கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் வரும் இளைய தலைமுறையினர் அங்குள்ள நினைவு மண்டபத்தைக் கண்டதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

விமானத்திலேயே புதுச்சேரிக்கு வர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2024 டிசம்பரில் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் சிறு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியிருக்கின்றன. ஓடுதளம் ஏறத்தாழ 1500 மீட்டர் நீளமே ஆகையால் பெரிய விமானங்கள் அங்கே இறங்க இயலாது. வெளிநாட்டிலிருந்து ஒரே பயணச்சீட்டாக வாங்காதவர்கள், இரு விமானங்களிலும் அனுமதிக்கப்படும் பெட்டிகளின் எடை வேறுபடும் என்பதை மறக்கலாகாது.

பாகூருக்கு இவ்வாரம் இடம் இல்லாமற்போயிற்று. பாகூர், குருவிநத்தம், கிருமாம்பாக்கம் வாசகர்கள் ஒன்றை மட்டும் இப்போதைக்கு மனத்தில் கொள்ளட்டும்: பாகூருக்குப் புதுச்சேரியைவிடக் கடலூரே சமீபம், தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூருக்கு நேரடி ரயில்கள் உண்டு. அங்கே இறங்கியபின் என்ன செய்வது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)