கடிக்காத பூச்சி! கொப்புளிக்கும் தோல்!

கழுத்தில் சாட்டையால் அடித்தது போல ஒரு சிவப்புக் கோடு. தாங்க முடியாத எரிச்சல். பிறகு அங்கே நீர்க் கொப்புளம்!

"அக்கி" என்பார்கள் சிலர். காவி குழைத்துப் பூசவும் கிளம்பி விடுவார்கள். ஆனால் மழைக் காலத்தில் வரும் இந்தக் கொப்புளம், பல சமயம் அக்கி அல்ல. ஒரு சின்ன வண்டின் வேலை!

எப்படி இருக்கும்?

நீளம் 1 சென்டிமீட்டர் கூட இராது. பார்த்தால் எறும்பு போலத் தோன்றும். தலை கறுப்பு, வால் நுனி கறுப்பு, நடுவில் செம்மஞ்சள். பெயர் பெடரஸ்.

இது கடிக்காது, கொட்டாது. இதன் உடம்பு நீரில் "பெடரின்" என்ற நஞ்சு உண்டு. மேலே ஊரும்போது கையால் அடித்து நசுக்கினால், நஞ்சு தோலில் படுகிறது. எரிச்சல் உடனே தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தே தெரியும். அதனால்தான் காரணம் புரியாமல் விழிக்கிறார்கள்.

ஏரிக்கரையில் கவனம்

ஈர மண்ணும் அழுகிய இலை தழையும் இந்த வண்டுக்குப் பிடித்த இடம். இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அங்கே குடியிருப்போர் இதை அறிந்திருப்பது நல்லது.

2022 ஜூலையில் சிக்கிம் மாநிலத்தில், மஜிதார் என்னும் ஊரில் உள்ள பொறியியல் கல்லூரியில், சுமார் 100 மாணவர்கள் இதனால் அவதிப்பட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதற்கு "நைரோபி ஈ" என்று பெயர்.

என்ன செய்வது?

பூச்சி மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள்.

நசுங்கி விட்டதா? உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கண் வீங்கி விடும். கண்ணில் பட்டு விட்டால், தண்ணீரால் நன்றாகக் கழுவி விட்டு டாக்டரிடம் போக வேண்டும். உடுத்திய துணியையும் துவைத்து விடுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். கண்ட மருந்தையும் பூசாதீர்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறி விடும். கறுப்புத் தழும்பு சில காலம் இருக்கலாம்.

படுக்கும் முன் பாயை உதறுங்கள். ஜன்னலுக்கு வலை கட்டுங்கள். தேவையில்லாத விளக்கை அணையுங்கள்.

இன்னொன்று: இது தொற்று நோய் அல்ல. கொப்புளம் வந்த குழந்தையை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வயலில் இந்த வண்டு உழவருக்கு நண்பன்! நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. அடித்தால்தான் ஆபத்து, ஊதி விட்டால் அது தன் வழியே போய் விடும்!